சவுக்குக் கழியில் ஏறிய சிவப்புப் புடவை

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். பொங்கல் முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கடலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. வயசில் சின்னவள் என்பதால் சாரணியர் படையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்காகப் பத்து நாள் பயிற்சிக்குப் போய், பன்னிரண்டு வகை முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். அந்தப் பன்னிரண்டு முடிச்சை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் கட்டிவிடலாம் என்ற நினைப்பு எனக்கு.

சிதம்பரம் வரை ரயில், அங்கிருந்து கிள்ளைக்கு பஸ், அப்புறம் மாட்டு வண்டி. கிள்ளைக்குக் கிழக்கே உப்பங்கழி ஓரமாக ஒரு சவுக்குத் தோப்பில் நான்கு நாள் முகாம். தோப்பு என்று பேர்தானே தவிர, அதில் நிற்கிற மரம் ஒன்றுகூடக் கிடையாது. அப்போதுதான் எல்லாவற்றையும் வெட்டி, கழிகளை ஒரு ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். தோப்புக்காரர் நல்ல மனிதர். அடுப்புக்கோ கூடாரத்துக்கோ கழி வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். எதிரே தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும், சேற்றிலேயே வேர் ஊன்றி நிற்கிற சுரபுன்னைக் காடு. அதற்குள்ளே நூறு வாய்க்கால் ஓடும். எல்லாம் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும்.

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பதினாறு பெண்கள். பெரியவர்கள் என்று நானும் டிரில் டீச்சரும். டிரில் டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். குரல் வெண்கலம் மாதிரி. மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று "லெஃப்ட், ரைட்" சொன்னால் இந்தக் கோடியில் வகுப்பில் இருக்கிற நான் சாக்பீஸைக் கீழே போடுவேன். எனக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. என் புடவை மடிப்பிலிருந்து நான் கணக்குப் போடுகிற கையெழுத்து வரை எல்லாவற்றிலும் ஒரு குறை சொல்வார்.

இரண்டாம் நாள் காலை. கொடியேற்ற வேண்டும். நாங்கள் கொண்டுவந்த மூங்கில் வண்டியிலேயே பிளந்துபோயிருந்தது. சரி, இன்றைக்கு இது போதும் என்று கூடாரத்தின் முன்கழியிலேயே கொடியைக் கட்டிவிட்டேன். பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். டிரில் டீச்சர் வந்து பார்த்தார்.

"ஏன் டீச்சர், துணி காயப்போடற கொடிக்கும் தேசியக் கொடிக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? அவ்வளவு கழி அடுக்கிக் கெடக்குது. ஒரு கம்பம் நட முடியல?"

பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. கொடி வணக்கம் முடிந்ததும் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் காலை ஆறு பெண்களைப் படகில் ஏற்றி, அந்தக் காட்டைச் சுற்றிக் காட்டி, இலை, காய் எல்லாம் பறித்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. மறுநாள் இன்னும் ஆறு பேர், அதற்கு மறுநாள் மிச்சப் பேர். முதல் நாள் நானும் டிரில் டீச்சரும் இரண்டு பேருமே போவதாகப் பேச்சு. பக்கத்து மீனவக் குப்பத்தைச் சேர்ந்த ஒருவர் படகு கொண்டுவந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்த வாய்க்கால்களில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய மனைவிதான் எங்கள் முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்; நாங்கள் போனால் மிச்சப் பெண்களுக்கு அவளே துணையிருப்பதாகப் பேச்சு. அவளுக்கு என் வயதுதான். மாசமாக இருந்தாள், ஐந்தோ ஆறோ மாதம்.

"வரலியா?" என்று கூடார வாசலில் நின்று டிரில் டீச்சர் கேட்டார்.

"தலைவலி" என்றேன், முகத்தைத் திருப்பாமலே.

அவர் ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் போய்விட்டார். எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். முகாம் பொறுப்பாளர் நான்தான். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. நான் கேட்கவில்லை. படகு தண்ணீரில் இறங்குகிற சத்தமும் பெண்கள் கூவுகிற சத்தமும் கேட்டது. எழுந்து பார்க்கக்கூட இல்லை.

சமையலுக்கு எழுந்தேன். பெண்களை வைத்துக்கொண்டு சாம்பார் சாதம் கிண்டினோம். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார்கள் என்று பெண்கள் சொன்னார்கள். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. மிச்சப் பெண்களைச் சாப்பிட வைத்தேன். ஒன்றரை மணி வரைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்தது. வேண்டுமென்றே என்னைத் தவிக்க விடுகிறார் என்று நினைத்தேன். இரண்டு மணிக்குக் கோபம் போய்விட்டது. நிமிஷத்துக்கு ஒரு தரம் கரைக்குப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன்.

கரையில் நின்று விசில் ஊதினோம். பத்துப் பேரும் சேர்ந்து கத்தினோம். கடல்காற்று எங்கள் முகத்தில் அடித்தது. நாங்கள் கத்தினது எல்லாம் எங்களுக்குப் பின்னால் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் படகுக்காரரின் மனைவி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் நான் வெடித்தேன்.

"எங்க கூட்டிட்டுப் போனாரு உன் வீட்டுக்காரரு? சின்னப் பிள்ளைங்க அதுல இருக்குது. வழி தெரியாதவரு எதுக்கு வரேன்னு ஒத்துக்கணும்?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். காட்டைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். கரையோரம் ஒரு சாண் அகலத்துக்குச் சேறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"இன்னமா வரல?" என்று கேட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "டீச்சரம்மா, அவரு கண்ணக் கட்டி உட்டாலும் வந்துருவாரு. வரலன்னா அவருக்குத்தான் ஏதோ ஆயிருக்குது. அப்ப படகத் தள்ளுறது உங்க டீச்சரு. அவுங்களுக்கு உள்ள ஒண்ணும் தெரியாது."

என் பெண்களுக்காக நான் கத்திக்கொண்டிருந்தேன். அவளுடைய புருஷனும் அதே படகில்தான் இருக்கிறார் என்பது அதுவரைக்கும் என் புத்தியில் ஏறவே இல்லை.

குப்பத்துப் படகு எல்லாம் கடலுக்குப் போயிருந்தது. பொழுது சாயும்போதுதான் வரும். மிச்சமிருந்த ஒரு படகு அடிப்பலகை பெயர்த்துக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. பெரிய பெண்கள் இரண்டு பேரைக் கிள்ளைக்கு ஓடச் சொன்னேன், யாரையாவது வண்டியோடு கூட்டிக்கொண்டு வரும்படி. ஆனால் யார் வந்தாலும் அவ்வளவு வாய்க்காலில் எதில் போய்த் தேடுவது?

படகுக்காரரின் மனைவிதான் வழி சொன்னாள். "தண்ணி வத்துது. சாயந்தரம் ஆச்சுன்னா படகு சேத்துல ஒக்காந்துரும். அதுக்குள்ள இந்தக் கர எங்க இருக்குதுன்னு அவுங்களுக்குத் தெரியணும். உள்ளேருந்து பாத்தா மரந்தான் தெரியும், மேல வானந்தான் தெரியும். மரத்துக்கு மேல ஒசரமா எதாச்சும் தூக்கணும்."

புகை போடலாமா என்றாள் ஒரு பெண். குப்பத்தில் முப்பது அடுப்புப் புகைகிறது, இந்தக் காற்றில் எது எங்கள் புகை என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள் படகுக்காரரின் மனைவி. சரிதான். ஏறி நிற்கப் பக்கத்தில் ஒரு மரம் கிடையாது. ஆக, காலையில் நான் நடாமல் கேலி வாங்கிய அந்தக் கம்பத்தை இப்போது நட்டாக வேண்டும். ஆளுயரத்துக்கு நட்டால் போதாது. காட்டுக்கு மேலே தெரிகிற மாதிரி, முப்பது முப்பத்தைந்து அடிக்கு நட வேண்டும்.

எனக்கு ஒரு வேலை கிடைத்தது என்பதே பெரிய தெம்பாக இருந்தது. கழி அடுக்கிலிருந்து கனமான சவுக்கு ஒன்று, அதைவிடக் கொஞ்சம் மெல்லியது ஒன்று உருவினோம். உச்சிக்கு லேசான கழி வேண்டும். அவள் வீட்டுக்கு ஓடி, படகில் பாய் கட்டுகிற மரத்தை இரண்டு பெண்களோடு தூக்கிக்கொண்டு வந்தாள். உப்பங்கழிக்குள் போக அது வேண்டாம் என்று அவள் புருஷன் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். மூன்றையும் தரையில் நீளமாகப் போட்டு, ஒன்றின் நுனி இன்னொன்றின் அடிமேல் மூன்று முழம் படிகிற மாதிரி வைத்துக் கட்டினேன். கூடாரக் கயிறு போதவில்லை. தேங்காய் நார்க் கயிறு அவள் கொண்டுவந்தாள். பயிற்சியில் கற்றுக்கொண்ட கட்டுகளை எல்லாம் போட்டேன். பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது.

உச்சியில் என்ன கட்டுவது? ஒரு பெண் தேசியக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அது வேண்டாம், ரொம்பச் சின்னது என்றேன். நான் என் வெள்ளைப் போர்வையை எடுத்தேன்.

"வெள்ள தெரியாது டீச்சரம்மா. வானமே வெள்ளையா கெடக்குது. செவப்பா எதாச்சும் இருக்குதா?"

இருந்தது. கடைசி நாள் கலை நிகழ்ச்சிக்கு என்று பெட்டியில் ஒரு சிவப்பு நைலான் புடவை வைத்திருந்தேன். பினாங்கில் இருந்த என் அண்ணன் அனுப்பியது. கடலூரில் அந்த மாதிரிப் புடவை அப்போது நாலு பேரிடம் இருந்தால் அதிகம். பிரிக்காமல் வைத்திருந்த மடிப்போடு எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அதைக் கொடுத்தபோது ஒரு நொடிகூட மனசு இடறவில்லை என்பதை மட்டும் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினோம். கம்பத்தின் நடுவிலிருந்து நாலு பக்கமும் நாலு கயிறு. ஒவ்வொரு கயிற்றின் முனைக்கும் மணலில் முளைக்குச்சி அடித்தேன். இருந்தது எட்டுப் பெண்கள். கயிற்றுக்கு இரண்டு பேராக நிறுத்தினேன். நானும் அவளும் கம்பத்தைத் தூக்க வேண்டும். மாசமாக இருக்கிறவள் தூக்கக் கூடாது என்றேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தூக்கினோம். பாதி ஏறியது. முக்கால் ஏறியது. நிமிர்ந்தே விட்டது. பெண்கள் கூவ ஆரம்பித்தார்கள். அப்போது காற்று அந்தப் புடவையை முழுசாக வாங்கியது. பாய் மாதிரி உப்பியது. கிழக்குப் பக்கத்து முளை வெண்ணெயில் குத்தினது போல மணலிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

கம்பம் மேற்கே சாய்ந்தது. அங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டாவது படிக்கிற ஒரு பெண் அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றாள். ஓடு என்று நான் கத்தினது அவள் காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். அவர்கள் காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கம்பம் விழுந்தது. விழுந்த வேகத்தில் நான் போட்ட அழகான கட்டு ஒன்று அவிழ்ந்து, கழி இரண்டும் தனித்தனியாக உருண்டது. புடவை குறுக்கே கிழிந்துபோயிற்று.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு பிள்ளைகள் காட்டுக்குள்ளே. இங்கே இரண்டு பிள்ளைகளை நானே கொன்றிருப்பேன். அந்த இரண்டு பெண்களும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, ஒன்றும் ஆகவில்லை டீச்சர், ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குச் சமாதானம் சொன்னார்கள்.

படகுக்காரரின் மனைவி என்னைத் திட்டவில்லை. அவிழ்ந்த கயிற்றை எடுத்துச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "இது மணலு டீச்சரம்மா. குத்துனா நிக்காது. படுக்க வச்சுப் பொதைக்கணும். படகு கட்டறதுக்கு நாங்க அப்பிடித்தான் செய்வோம். ஏந்திரிங்க. அப்பறமா அழுவலாம்."

அவள் சொன்னபடியே செய்தோம். கை நீள விறகுக் கட்டை நாலை எடுத்து, ஒவ்வொன்றின் இடுப்பிலும் கயிற்றைக் கட்டி, இரண்டடி ஆழத்தில் குறுக்காகப் படுக்க வைத்து மணலை மூடி மிதித்தோம். தோண்டுவதற்குத் தட்டு, கரண்டி, கை, எதையும் மிச்சம் வைக்கவில்லை. நான் ஒரு கயிற்றைப் பிடித்து என் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. கழி இணைப்புகளை இந்தத் தடவை அவள் கட்டினாள். என் முடிச்சு மாதிரி பார்க்க லட்சணமாக இல்லை. சுற்றிச் சுற்றி இறுக்கி, நடுவில் ஒரு ஆப்பைச் சொருகிக் கல்லால் அடித்தாள். நார்க் கயிறு முறுக்கேறிக் கிறீச்சென்று சத்தம் போட்டது. இப்போது அவிழ்த்துப் பாருங்கள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். கிழிந்த புடவையில் பெரிய பாதியை உச்சியில் கட்டினோம். பாதியானதும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. காற்று அவ்வளவாகப் பிடிக்காது.

இரண்டாவது தடவை தூக்கினோம். வேறு இரண்டு கழிகளின் நுனியைச் சேர்த்துக் கட்டிக் கத்தரி மாதிரி ஆக்கி, அதைக் கம்பத்துக்கு அடியில் நகர்த்தி நகர்த்தி முட்டுக் கொடுத்தோம். ஒரு முழம் ஏறும், நிறுத்துவோம், மூச்சு வாங்குவோம், இன்னொரு முழம். பெண்கள் கயிற்றை அங்குலம் அங்குலமாக விட்டார்கள். பள்ளத்துக்குள் அடிக்கழி 'தொம்' என்று இறங்கின சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. கம்பம் நின்றது. காற்று புடவையை விரித்தது. உச்சி கொஞ்சம் வளைந்தது. அவ்வளவுதான். நின்றது.

அப்போது நாலு மணி இருக்கும். காற்று வலுத்ததால் கயிற்றை விட்டுவிட மனசு வரவில்லை. புதைத்த கட்டை தாங்கினாலும், பெண்கள் இரண்டிரண்டு பேராகப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். நானும் அவளும் தண்ணீர் ஓரமாக நின்றோம். கரையில் சேறு ஒரு ஆள் நீளத்துக்கு வந்துவிட்டது. அவள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மத்தியானம் அப்பிடிப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காத" என்றேன்.

"புள்ளைங்களக் காணமின்னா யாருன்னாலும் பேசுவாங்க" என்றாள், திரும்பாமலே.

அரை மணி. முக்கால் மணி. ஆறு பெண்களின் அப்பா அம்மா முகம் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்தது. அவர்களிடம் என்ன சொல்வேன்? தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன் என்றா?

அவளுக்குத்தான் முதலில் கேட்டது. என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். காற்றோடு சேர்ந்து, தேய்ந்து, விட்டு விட்டு வந்தது அந்தச் சத்தம்.

"ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு... ரெண்டு..."

டிரில் டீச்சரின் குரல். எந்தக் குரலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருமோ, அந்தக் குரல். வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

படகு வாய்க்காலின் வாயிலிருந்து மூக்கை நீட்டியது. முன்னால் டிரில் டீச்சர் முட்டி போட்டுக்கொண்டு துடுப்பு வலித்தார். புடவையை வரிந்து கட்டியிருந்தார். இரண்டு பக்கமும் பெண்கள், இலையும் காயும் பறித்துப் போடக் கொண்டுபோன சாப்பாட்டுத் தட்டால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், அவர் எண்ணுவதற்கு ஏற்ப, ஒரே சீராக. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்து. அப்புறம்தான் ஆறாவது பெண் படகின் அடியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவள் மடியில் படகுக்காரரின் தலை இருந்தது.

என் பக்கத்தில் நின்றவள் சேற்றில் இறங்கி ஓடினாள். முழங்கால் வரை புதைந்தும் நிற்கவில்லை. நானும் ஓடினேன்.

பதினோரு மணி வாக்கில் படகு ஒரு திட்டில் தட்டியிருக்கிறது. அவர் இறங்கித் தள்ளும்போது சேற்றில் கிடந்த திருக்கை மீனை மிதித்துவிட்டார். அதன் வால் முள் கணுக்காலுக்குக் கீழே ஏறிவிட்டது. கொஞ்ச தூரம் வரைக்கும் கையைக் காட்டி வழி சொல்லியிருக்கிறார். அப்புறம் வலியில் நினைவு தப்பித் தப்பி வந்திருக்கிறது. அதுவரை துடுப்பைத் தொட்டே அறியாத டிரில் டீச்சர் அதை எடுத்துக்கொண்டார். ஒரே இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு கிளையில் கிழிந்த வலை ஒன்று மாட்டிக்கொண்டிருந்ததாம். அதை நாலாவது தடவை பார்த்தபோது ஒரு பெண் அழ ஆரம்பித்திருக்கிறாள். அப்போது இன்னொருத்தி, "டீச்சர், அங்க பாருங்க, செவப்பா பறக்குது" என்றாளாம். வாய்க்கால் திரும்பும்போது மறையும். திரும்ப ஒரு வெட்டவெளியில் தெரியும். தெரிகிற பக்கமே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

படகுக்காரரின் மனைவி அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "என்னாய்யா, மீன மிதிக்கிற வயசா உனக்கு?" என்றாள். குரல் கோபமாகத்தான் இருந்தது. அவர் கண்ணைத் திறந்து சிரிக்கப் பார்த்தார். அப்புறம் அவள் ஒரு நிமிஷத்தையும் வீணாக்கவில்லை. அடுப்பை மூட்டித் தண்ணீர் காய்ச்சி வாளியில் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டுக்கு விளாவி, அவர் காலை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். சூடு பட்டதும் அவர் முகத்தில் வலி கொஞ்சம் இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. கிள்ளைக்குப் போன பெண்கள் இரண்டு பேரும் வண்டியோடு வந்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அவரை ஏற்றிச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். இரண்டு வாரம் படுக்கையில் இருந்தார் என்றும், கால் பிழைத்தது என்றும் பிறகு தோப்புக்காரர் சொல்லி அனுப்பினார். சித்திரையில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியும் வந்தது.

வண்டி போனதும் திரும்பிப் பார்க்கிறேன், வடக்குக் கயிற்றில் நின்ற இரண்டு பெண்கள் இன்னும் அப்படியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாரும் படகுக்கு ஓடியபோதும் அவர்கள் ஓடவில்லை.

"ஏம்மா, விட வேண்டியதுதானே?"

"நீங்க விடச் சொல்லலியே டீச்சர்."

உள்ளங்கையைத் திறந்து காட்டினார்கள். நார்க் கயிறு உரசித் தோல் உரிந்திருந்தது. அந்தக் கைகளைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த அவ்வளவும் வந்தது. பெண்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

டிரில் டீச்சர் ஒரு தட்டில் ஆறிப்போன சாம்பார் சாதத்தைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து மணலில் உட்கார்ந்தார். அவர் கையிலும் கொப்புளம். எடுத்து வாயில் வைக்க முடியாமல் வைத்தார். கம்பத்தை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார். நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பு எல்லாம் வாய்க்குள்ளேயே முட்டிக்கொண்டது.

"தலைவலி போச்சா?" என்றார்.

குத்திக்காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கண் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டினேன். அவர் தட்டை என் பக்கம் தள்ளினார். காலையிலிருந்து நானும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் அந்த ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு அதே பள்ளியில் பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் என்னைக் குறை சொல்வது குறையவில்லை. எனக்குத்தான் அதில் கோபம் வருவது நின்றுபோயிற்று.

இப்போது எனக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. வீட்டில் யாரோடு என்ன மனஸ்தாபம் இருந்தாலும், அவர்கள் வாசலைத் தாண்டும்போது எழுந்து போய், எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்காமல் இருந்ததில்லை. தொல்லை என்று அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து சேர்ந்தார்கள் என்பதைவிடப் பெரிய சந்தோஷம் ஒரு நாளைக்கு வேறு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.